கோமதி கையிலிருந்த ராடு

மார்ச் 4, புதன்

பங்குனி பிறக்கவில்லை, அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடையில் கருகிப்போன மோட்டார்கள் வாசல்வரை வரிசை. கோடை வந்தால் திண்டிவனம் முழுக்க மோட்டார் காயில் எரியும். எனக்கு ஒருத்தனுக்குத்தான் அது நல்ல சேதி. கொல்லையில் மல்லாட்டை முற்றிவிட்டது, கடலை பிடுங்க ஆள் இன்னும் சொல்லவில்லை. மறக்கக்கூடாது.

மத்தியானம் சாப்பிடும்போது கோமதி திடீரென்று, "ஏங்க, இந்த ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்."

"எங்க?"

"கடலுக்குத்தான். நீங்க வேற எங்க போறீங்க?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. கையில் குழம்புக் கரண்டியோடு முறைத்தாள்.

"செதிலு ஒரிச்சு ஒரிச்சு என் வெரலு தேஞ்சு போச்சு. இதெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னு ஒருதரம் பாக்கக் கூடாதா?"

பாக்கக் கூடாது என்று யார் சொன்னது. இத்தனை வருஷமாகக் கேட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். மாடு ரெண்டு இருக்கிறது, பால் சொசைட்டி இருக்கிறது, அவளுக்கு எங்கே நேரம் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஏழுமலைக்குப் போன் போட்டேன். பொம்மையார்பாளையத்தில் ஃபைபர் படகு அவனுடையது. கெஸ்ட் ஹவுஸுக்கு வருகிறவர்களை தூண்டில் ராடு, ரீலோடு ஆழ்கடலுக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் இப்போது அவன் பிழைப்பு. அவன் இன்ஜின் மக்கர் பண்ணினால் நான். எனக்குக் கடல் வேண்டுமென்றால் அவன். அப்படி ஓடுகிறது எங்கள் சிநேகிதம்.

"அண்ணி வர்றாங்களா? வாந்தி கீந்தி எடுத்தா பேஜாராயிடும் அண்ணா" என்றான்.

"அவ எடுக்க மாட்டா. மொத மொத வந்தப்ப நான்தான்டா எடுத்தேன்."


மார்ச் 7, சனி

காலையில் கொஞ்சம் மேகம். ஆள் கிடைத்தது, செவ்வாய் மல்லாட்டை பிடுங்கல்.

கடையை மத்தியானத்தோடு மூடிவிட்டு வந்து கோமதிக்குப் பாடம். கொல்லைமேட்டில் அவளை நிறுத்தி, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, ராடின் அடியை அதில் சொருகிக் கொடுத்தேன். மீனுக்கு எங்கே போவது? தூண்டில் நரம்பின் நுனியை என் இடுப்பில் கட்டிக்கொண்டு நானே மீனானேன். மல்லாட்டைக் கொல்லை வரப்பில் ஓடினேன். நான் ஓடும்போது அவள் இழுக்கக் கூடாது, விடவேண்டும். நான் நின்றால் ராடைத் தூக்கி, தாழ்த்தும்போது ரீலைச் சுற்றவேண்டும். நான் எகிறிக் குதித்தால் உடனே முட்டியை மடக்கி ராடைக் கீழே தாழ்த்தவேண்டும். மீன் துள்ளும்போது நரம்பு விறைப்பாக இருந்தால் அறுந்துவிடும் அல்லது அதன் வாயிலிருந்து தூண்டில் ஊசி கழன்றுவிடும்.

நன்றாகவே சுற்றினாள். பக்கத்துக் கொல்லை நாகராசன் வேலியில் சாய்ந்துகொண்டு, "இன்னா தலைவரே, அண்ணி உன்னக் கட்டி இஸ்துக்கினு போறாங்க?" என்றான். அவனுக்கு வேறு வேலையே கிடையாது. கோமதி சிரித்துச் சிரித்து ராடையே கீழே போட்டுவிட்டாள்.

எந்த மீன் எப்படி என்று கேட்டாள். சொன்னேன்:

சூரை: கீழே கீழே இறங்கும். இடுப்பு கழன்றுவிடும்.
பாறை: எருமை. நகராது.
வஞ்சிரம்: ஒரே ஓட்டம். பல்லால் நரம்பை நறுக்கிவிடும், முனையில் கம்பி கட்டணும்.
சீலா: மாட்டுகிறவரை வீரம், அப்புறம் வெறும் கட்டை.
மயில்மீன்: மூக்கில் ஈட்டி, முதுகில் விசிறி. பாதி நேரம் தண்ணீரில் இருக்காது.

"மயிலு நீங்க எடுத்தாந்ததே இல்லியே?"

"மாட்டுனாத்தானே. மாட்டினாலும் எடுத்தாரக் கூடாது. படகோரம் கொண்டாந்து, ஊசியக் கழட்டி, உயிரோட வுட்டுடணும். அதான் பழக்கம்."

"புடிச்சுட்டு வுட்றதுக்கா கோழி கூவறதுக்கு முந்தி எழுந்து போறீங்க?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "நல்லாத்தான் இருக்குது."

முக்கியமான சட்டத்தையும் சொன்னேன். மீன் மாட்டிய பிறகு ராடையோ ரீலையோ வேறு யார் தொட்டாலும் அந்த மீன் கணக்கில் இல்லை. பிடித்தவர் பிடித்ததாக ஆகாது. போன வருஷம் எனக்குப் பெரிய பாறை மாட்டியபோது ஏழுமலை பாசத்தில் ராடைத் தாங்கிப் பிடித்தான். அன்று அவனை நான் திட்டிய திட்டு கரையில் வலை தைத்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

"நீங்ககூட தொடக்கூடாதா?"

"நான்கூடத்தான்."

எடுத்துக்கொள்ள: தண்ணீர் கேன், எலுமிச்சம்பழம், பழைய துண்டு, கோமதிக்கு என் முழுக்கைச் சட்டை, தொப்பி, புளிசாதம்.


மார்ச் 8, ஞாயிறு

சாயங்காலம் எழுதுகிறேன்.

நல்ல கடல். எண்ணெய் ஊற்றினாற்போல. மரக்காணம் தாண்டி ஈ.சி.ஆரில் போகும்போதே கோமதி பின்சீட்டில் பாட்டு முணுமுணுத்தாள். அலை தாண்டும்போது கூச்சல் போட்டாள். வாந்தி இல்லை. கரை மறைந்ததும் ஏழுமலை போலி மீன்களைப் பின்னால் இழுக்கவிட்டு மெல்ல ஓட்டினான். முதலில் அவளுக்கு ஒரு சூரை மாட்டியது. தானே கொண்டுவந்தாள். படகுக்குள் அது தடதடவென்று அடிக்க, "யம்மா, அறுக்கும்போது இவ்ளோ அழகா தெரியலியே" என்றாள்.

அப்புறம் நீளமான நேரம் ஒன்றும் இல்லை. புளிசாதம். அவள் முறை முடிந்திருந்தது, அடுத்து ராடு என்னுடையது. "நீயே வெச்சுக்க" என்று நான்தான் சொன்னேன்.

அப்போதுதான் ரீல் கத்தியது. பின்னால் தூரத்தில் கடல் உடைந்து, நீளமாக ஒன்று எழுந்து, விசிறியை விரித்துத் தலையை உதறியது.

"மயிலு! அண்ணி, மயிலு!"

நானும் ஏதோ கத்தினேன். என்ன என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் என் ராடில் ஒன்றுகூட மாட்டாதது. அவள் நின்றாள். ஓடவிட்டாள். மீன் நின்றதும் சுற்றினாள். வெயில் ஏறியது, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, அவள் விடவில்லை. "பால் கறக்கற கை அண்ணா, ஒண்ணியும் ஆவாது" என்றான் ஏழுமலை.

மீன் கிட்டே வந்துவிட்டது. நீலம் தெரிந்தது. அப்போது அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது. முட்டி மடங்கியது. கடலுக்குள் போகப்போகிறாள் என்று பாய்ந்து ராடைப் பிடித்து மேலே இழுத்தேன்.

அறுந்தது.

"வுழுந்திருப்பே" என்றேன். கோமதி பெல்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும்வரை முதுகைத்தான் பார்த்தேன்.

சூரையை ஏழுமலை வீட்டுக்கே கொடுத்துவிட்டாள்.


மார்ச் 9, திங்கள்

எதுவும் நடக்காத மாதிரி காபி. இட்லி. "குழம்புக்கு என்னா வாங்கியாறட்டும்" என்று கேட்டதற்குப் பதிலும் சரியாகவே வந்தது. திட்டினால் தேவலை. திட்டினால் நானும் ரெண்டு வார்த்தை சொல்லி, அவள் மூக்கைச் சிந்தி, முடிந்திருக்கும்.

கடையில் பெயின்ட் கடைக்காரர் கேட்டார், "வூட்டம்மாவ கூட்டிக்கினு போனீங்களாமே?" சொன்னேன். மயில் மாட்டியது, இவள் தடுமாறினாள், நான் பாய்ந்து பிடித்தேன், மீன் போனால் போகட்டும், ஆள் மிஞ்சினாள் என்று. வாயைப் பிளந்து கேட்டார். சொல்ல எனக்கே நன்றாக இருந்தது.

3 எச்.பி. மோட்டார் முடித்தேன். காயில் கம்பி ஆர்டர் போடணும்.


மார்ச் 12, வியாழன்

விழுப்புரம் போய் வந்தோம். சம்பந்தி மேல்மாடி கட்டி, பால் காய்ச்சினார்கள். மகள் பிரியா வாசலிலேயே, "யம்மா, கடலுக்குப் போனியாமே!" என்று கோமதியைக் கட்டிக்கொண்டாள். கோமதி என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் நடித்தே காட்டினேன். அவள் சாய்கிற மாதிரி சாய்ந்து காட்டினேன். ஒரே சிரிப்பு. சம்பந்தி சொன்னார், "பொம்பளைங்களுக்கு எதுக்குங்க அந்த வேலையெல்லாம்? ஏதோ நீங்க இருந்தீங்க, பொழச்சாங்க."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேரம் தனியாக அந்த மீனோடு நின்றது அவள் என்று. சொல்லவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

கோமதி வடைத் தட்டோடு நின்றாள். "அண்ணா, இன்னொண்ணு வெக்கட்டா?" என்று சம்பந்தியைக் கேட்டாள். வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். விக்கிரவாண்டியில் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். நம் வீட்டு வாசலிலேயே மல்லாட்டை குவிந்து கிடக்கிறது, இந்த மனுஷன் காசு கொடுத்து வாங்குகிறார் பார் என்றாவது சொல்வாள் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.


மார்ச் 14, சனி

ஏழுமலை வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறான். கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கு எடுக்கிற பழக்கத்தில் அன்று போனைத் தூக்கி நிறுத்திவைத்திருந்தானாம். கூடவே குரல்: "அண்ணா, அனுப்பலாமா வாணாமான்னு ரோசன பண்ணிக்கினே இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்தேன்.

கோமதி விழவில்லை. கால் ரெண்டையும் அகட்டி, கட்டைவிரலைப் பலகையில் ஊன்றி நிற்கிறாள். மீன் கிளம்புகிறது. "துள்றான், துள்றான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முட்டியை மடக்கி ராடைத் தாழ்த்துகிறாள். வரப்பில் நான் குதித்தபோது எப்படிச் செய்தாளோ அச்சு அப்படியே. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள். முகத்தில் பயமே இல்லை. சிரிக்கிறாள். கோமதி அப்படிச் சிரித்து நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

"வுடுங்க, நானே கொண்டாறேன்" என்று அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது. அப்புறம் என் நீலச் சட்டை முதுகு வந்து படம் முழுக்க மறைத்துக்கொள்கிறது. நரம்பு அறுகிற சத்தம். "ஏங்க" என்கிறாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் பாய்வதற்கு முன்னால் எதைப் பார்த்தேன், அவளையா மீனையா? அவள் விழுவாள் என்று பயந்தது நிஜம். அந்த மயில் என் கைக்கு வரவேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரத்ததும் நிஜம். எது முதலில் என்று சத்தியமாகத் தெரியவில்லை. இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்.

வேலை ஓடவில்லை. சுற்றின காயிலையே தப்பாகச் சுற்றிப் பிரித்தேன்.


மார்ச் 15, ஞாயிறு

பங்குனி 1. கடலுக்குப் போகவில்லை. காற்று மாறுகிறது என்று சாக்கு.

மாட்டுக்கொட்டகையில் அவள் கறந்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தாள். முகம் தெரியவில்லை. அதுவே வசதியாக இருந்தது.

"தப்பு எம்மேலதான்" என்றேன்.

"எந்தத் தப்பு?"

"ராடைப் புடிச்சது. ஏழுமலை வீடியோ அனுப்பிச்சான். நீ சரியாத்தான் நின்னே."

சர்ர் சர்ர் என்று பால் விழுகிற சத்தம். பிறகு சொன்னாள்: "அத்த வுடுங்க. பயந்தீங்க, புடிச்சீங்க. போச்சு. சம்பந்தி வூட்டுல எதுக்கு அப்பிடி ஆடிக் காமிச்சீங்க?"

தரையில் கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினேன்.

"எல்லாரும் சிரிச்சாங்க. பிரியா மட்டும் சிரிக்கல, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நான் யாரையும் பார்க்கவில்லை அன்று. சிரிக்கிறவர்களை மட்டும்தான் பார்த்தேன்.

"அடுத்த வாரம் மறுபடியும் போவலாம். உனக்கு மயிலு மாட்டற வரைக்கும் நான் ராடே தொடமாட்டேன்."

"ஜல்தியா அந்தப் பால் கேனை எடுங்க, சொசைட்டி மூடிடுவான்" என்றாள்.


மார்ச் 18, புதன்

வெயில். கரண்ட் இல்லை.

பொய்யைத் திருத்திவிடுவது என்று தீர்மானித்து டீக்கடையில் ஆரம்பித்தேன். பெயின்ட் கடைக்காரரும் இருந்தார். "அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. அவ வுழல, நான்தான் அவசரப்பட்டுட்டேன்." அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தினேனா? இத்தனை வருஷம் காத்திருந்த மயில், என் கையாலேயே போனது, வீடியோ பார்த்துக் கண் கலங்கினது என்று போய்க்கொண்டே இருந்தேன். டீ மாஸ்டர் உச்சுக் கொட்டினார். பெயின்ட் கடைக்காரர் என் தோளைத் தட்டி, "வுடுங்க, உங்களுக்கு வேற மயிலு மாட்டும்" என்றார்.

எனக்கு. கோமதி பேரையே அவர் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? நான் சொன்ன விதத்தில் அவள் அந்தப் படகிலேயே இல்லை.

ஆறிப்போன டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது.


மார்ச் 21, சனி

கோமதி சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள், "நாளைக்கு நான் கடலுக்குப் போறேன்."

"சரி. ராடு ரெண்டும் தொடைச்சு வெக்கிறேன்."

"நான்தான் போறேன். ஏழுமலைகிட்ட சொல்லிட்டேன். அவன் பொஞ்சாதியும் தொணைக்கி வருது. நீங்க மாட்டப் பாத்துக்கோங்க."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவேண்டிய இடம். வந்தது. எழுந்தும்விட்டது வாய்வரை. என் ராடு, என் சிநேகிதன், என் கடல் என்று. நல்லவேளை, சோறு வாயில் இருந்தது.

"பெல்ட்டுல ஒரு கொக்கி லூசா இருக்குது. சரி பண்ணித் தர்றேன்" என்றேன்.

"பண்ணிட்டேன்" என்றாள்.


மார்ச் 22, ஞாயிறு

அவளே மொபெட்டில் கிளம்பிப் போனாள். பெருமுக்கல் மலைக்குப் பின்னால் வெளுக்க ஆரம்பித்திருந்தது. பார்த்துப் போ என்று சொல்ல வாயெடுத்து, அதையும் விழுங்கினேன்.

கறவை என் தலையில். சின்ன மாடு உதைத்தது. பால் பாதி தரையில். பெரியது காம்பையே கொடுக்கவில்லை, என்னை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. கை ரெண்டும் மரத்துப்போனது. இதை அவள் தினம் ரெண்டு வேளை செய்கிறாள். அந்தக் கைக்கு வலுவில்லை என்றுதான் நான் ராடைப் பிடுங்கினேன். சொசைட்டிக்காரன், "இன்னா, கோமதியக்கா இல்லியா?" என்றான். "வேலையாப் போயிருக்குது" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

காய்ந்த மல்லாட்டையைக் கிளறிவிட்டேன். உச்சி வெயிலில் போனைப் பார்த்தேன். ஏழுமலைக்கு அடிக்கலாமா? வேண்டாம். மறுபடி பார்த்தேன். வேண்டாம்.

நாலு மணிக்கு மேல் வந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்து, என் சட்டை முழுக்க உப்பு. செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். உள்ளங்கையில் கொப்புளம்.

"என்னா மாட்டிச்சு?"

"ஒண்ணும் மாட்டல. செம வெயிலு." செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "மாடு உதைச்சுதா?"

"உதைச்சுது."

"உதைக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பாவம், அவ்வளவு ஆசையாகப் போனாள். ராத்திரிக்கு நானே தோசை ஊற்றுகிறேன் என்று சொல்லலாம் என்று பின்பக்கம் போனேன். தலைமுடியைத் துவட்டிக்கொண்டு, கொட்டகைச் சுவரோரம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பிரியாவிடம்.

"...என் ஒயரம் இருக்கும்டி. நீலமின்னா நீலம், அப்பிடி ஒரு நீலம். நாலு தரம் துள்ளிச்சு. யாரு கையும் படல. ஏழுமலை மூக்கப் புடிச்சு ஊசியக் கழட்டினான். நான் வாலப் புடிச்சுக்கினே இருந்தேன், அது மூச்சு வாங்கற வரைக்கும். அப்பறம் தானா போச்சுடி. திரும்பிக்கூட பாக்கல..." சிரிக்கிறாள். வீடியோவில் பார்த்த அதே முகமாகத்தான் இருக்கும். எனக்கு முதுகுதான் தெரிந்தது.

"தோ பாரு, உங்கப்பாகிட்ட சொல்லிடாத. சத்தியமா சொல்லாத. அவுரு வாய்க்குப் போச்சுன்னா அது அவுரு மீனாயிடும்."

சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். டி.வி.யைப் போட்டு ஒலியை நன்றாகக் கூட்டி வைத்தேன். எனக்குக் கேட்டுவிடுமோ என்று அவள் குரலைத் தாழ்த்த வேண்டாம்.